வண்டியேறி வந்த ஏரி

செல்லாண்டி ஏரி செங்கோட்டுவேலின் ட்ரெய்லரில் ஏறிப் படுத்துக்கொண்ட அன்றைக்கு, சங்ககிரிப் பட்டறைகளில் வழக்கம்போலத்தான் பொழுது விடிந்தது. லாரிகளுக்கு வில்பட்டை அடிக்கிற பட்டைக் கடைக்காரர்கள் உலையைப் பற்றவைத்தார்கள், டீக்கடையில் முதல் பால் பொங்கியது, பழைய டயர்களுக்கு நடுவே சுருண்டிருந்த நாய்கள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டன. பல் விளக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வண்டியை எடுக்க வந்த செங்கோட்டுவேல், முந்தின நாள் சாயங்காலம் தன் கையால் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போன வெறும் தட்டின்மேல், இழுத்துப் போகிற முன்வண்டியின் முதுகிலிருந்து கடைசிச் சிவப்பு விளக்குவரைக்கும் ஓர் ஏரி நிற்பதைப் பார்த்தான்.

அது பக்கப்பலகை இல்லாத ட்ரெய்லர். இரும்புச் சுருளோ, கருங்கல் பாளமோ, காற்றாலை இறக்கையோ, எதை ஏற்றினாலும் சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டி ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டிக்கொண்டு போகவேண்டிய மொட்டைத் தட்டு. அந்தத் தட்டின் விளிம்போடு தண்ணீர் நின்றது, ஒரு சொட்டு வழியவில்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அக்கரை எட்டத்தில் பனைமரங்களோடு தெரிந்தது. தள்ளி நின்று பார்த்தால் ட்ரெய்லரின் அகலத்துக்குமேல் விரற்கடைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆம்பல் பூத்திருந்தது, கோரைக்குள் நாமக்கோழி கத்தியது, மடையான் ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் ஒற்றைக்காலில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரர் இருசப்பன் வந்தார். தண்ணீரைப் பார்ப்பதற்குமுன் குனிந்து வண்டியின் அடியைத்தான் பார்த்தார். பட்டை வளையவில்லை, டயர் நசுங்கவில்லை, பயமில்லை என்றார். பிறகு விளிம்பில் கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்த தண்ணி, நல்ல தண்ணி, மழைத் தண்ணி என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியை எடை மேடையில் ஏற்றினார்கள். வெறும் வண்டியின் எடைதான் காட்டியது. எடை இல்லாத சரக்குக்கு யார் என்ன சொல்ல முடியும் என்று கூட்டம் கலைந்து அவரவர் வேலைக்குப் போனது. டீக்கடைக்காரர் மட்டும் குடத்தை எடுத்துவந்து ஒரு குடம் மொண்டுகொண்டு போனார். அன்றைய டீ நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

அது எந்த ஏரி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, செங்கோட்டுவேலைத் தவிர. மதகின் இரண்டு கல்தூண்களும், ஒன்றில் செதுக்கியிருந்த தும்பிக்கை உடைந்த யானையும், கரையில் சாய்ந்து நின்ற வேப்பமரமும் அவனுக்குத் தெரிந்தவை. கல்யாணமாகி மறுவிருந்துக்குப் போனபோது அந்த வேம்பின் கீழேதான் அவனை உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தார்கள். அவன் மனைவி அத்தாயி பிறந்து வளர்ந்த ஆவரங்காட்டூரின் செல்லாண்டி ஏரி அது. பதினைந்து நாளைக்குமுன் அந்த ஏரியை மூடிவிட்டார்கள். மூடிய இயந்திரத்தை அங்கே கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான்.

வெகுகாலம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, அத்தாயியின் நகை, தன் தூக்கம், இடுப்பெலும்பு எல்லாவற்றையும் போட்டுச் சொந்தமாக வாங்கிய வண்டி அது. தானே ஓட்டினான், தானே லோடு பிடித்தான், தானே முடியாது என்று சொன்னான். இந்த லோடு வேண்டாம் என்று போனை வைக்கிற சுகத்துக்காகவே சொந்த வண்டி வாங்கலாம் என்று மற்ற டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். ஆவரங்காட்டூருக்கு ஒரு பொக்லைன் இறக்க வேண்டும் என்று மனை போட்டு விற்கிற கம்பெனியின் ஆள் கூப்பிட்டபோதும் அவனால் போனை வைத்திருக்க முடியும். அந்த ஆள் எதையும் ஒளிக்கவில்லை. தொடர்ச்சியாக லீவு வருகிறது, கோர்ட்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது, அதற்குள் கரையை உடைத்துத் தண்ணீரை ஓடையில் விட்டு மண்ணடித்துவிட வேண்டும் என்று, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கதையைச் சொல்வதுபோலச் சொன்னான். நான் மாட்டேன் என்றால் இன்னொருத்தன் கொண்டுபோகப் போகிறான் என்று செங்கோட்டுவேல் நினைத்தான். இரும்புச் சுருளைக் கொண்டுபோகிறவன் அதில் கத்தி அடிப்பார்களா கட்டில் செய்வார்களா என்றா கேட்கிறான் என்றும் நினைத்தான். இப்படி நினைப்பதற்கு அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அவன் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போன அன்று, விடிந்ததும் ஆவரங்காட்டூரார் ஊர் எல்லையில் நின்றார்கள். பெரிய வண்டி வருகிறது, மேலே மஞ்சள் இயந்திரம் வருகிறது என்று யாரோ பார்த்துச் சொல்லி, ஆணும் பெண்ணுமாகப் பாதையை மறித்து நின்றார்கள். வண்டிக்குள் இருப்பது யார் என்று தெரிந்ததும் வழிவிட்டுவிட்டார்கள். நம்ம மாப்பிள்ளையல்லவா என்றார்கள். அத்தாயியின் அண்ணன் சென்னிமலை படியில் ஏறி, கதவுக் கண்ணாடி வழியாக, மாப்ளே, மெசின் என்னத்துக்குங்க என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாடகைக்கு வந்தேன், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் கியரைப் போட்டிருக்கலாம். பொய் சொல்லும்படி கம்பெனிக்காரன் அவனிடம் கேட்கவும் இல்லை. ஆனால் அத்தனை முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன, அந்த முகங்களை எதிரே வைத்துக்கொண்டு அவனால் இருக்க முடியவில்லை.

"தூர் வாரறதுக்குங்க மச்சான்" என்றான்.

சென்னிமலை கொஞ்சநேரம் அவனையே பார்த்தார். பிறகு கீழே இறங்கி ஊராரிடம் சொன்னார். பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு நடந்ததைத்தான் செங்கோட்டுவேலால் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் மறக்க முடியவில்லை. செல்லாண்டியம்மன் கோயிலிலிருந்து மாலை கொண்டுவந்தார்கள். இயந்திரத்தின் கைக்கு ஒன்று போட்டார்கள், வண்டியை நிறுத்தச் சொல்லி இறக்கி அவன் கழுத்துக்கு ஒன்று போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், நெற்றியில் திருநீறு வைத்தார்கள். வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று உட்கார வைத்துப் பந்தி மாதிரி இலை போட்டார்கள். பச்சைப்பயறு கடைந்து நெய் ஊற்றிச் சோறு போட்டார்கள். நிறையப் பேர் சுற்றி நின்று அவன் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். அவன் இலையில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பிறகு வண்டியை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய், சங்கிலியைக் கழற்றி, பலகை சாய்த்து, மாலை போட்ட இயந்திரத்தை இறக்கிவிட்டு, திரும்பும்போது வேறு பாதை வழியாகப் போனான்.

ஏரி போன செய்தி அத்தாயிக்கு அவள் அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. அவள் அழுதுகொண்டே போன் செய்தபோது, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள், தூர் வார என்றுதான் சொன்னார்கள் என்று செங்கோட்டுவேல் சொன்னான். முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகாமல் லோடு இருக்கிறது, லோடு இருக்கிறது என்று சாலையிலேயே இருந்தான். லோடு எல்லாவற்றையும் இறக்கி, கழுவி, காலியாக நிறுத்திய இடத்தில்தான் ஏரி வந்து ஏறியது.

இறக்கிவிட அவன் செய்யாததில்லை. தொப்பூர் இறக்கத்தில் கொண்டுபோய்ச் சட்டென்று பிரேக் அடித்துப் பார்த்தான். அலை ஒன்று எழுந்து முன்கரையில் மோதித் திரும்பிப் போனது, மடையான் சற்றுப் பறந்து மறுபடி உட்கார்ந்தது. ஒருபக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தான். தட்டுத்தான் சாய்ந்தது, தண்ணீர் தரையைப் பார்த்து மட்டமாகவே இருந்தது. மோட்டார் வைத்து இறைத்தான். தண்ணீர் லாரிக்காரர்கள் வரிசை கட்டி வந்து நிரப்பிக்கொண்டு போனார்கள், சங்ககிரியில் அந்தக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சே இல்லாமல் போனது, மதகுத் தூணின் யானை மட்டும் எப்போதும்போல வயிறுவரை நனைந்தபடியே நின்றது.

ஊர் உலகம் அதைப் பழக்கத்தில் எடுத்துக்கொண்டுவிட்டது. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே பெண்கள் துணி மூட்டையோடு வந்தார்கள். தூர தேசத்து டிரைவர்கள் தங்கள் தங்கள் பாஷையில் பாடிக்கொண்டு குளித்தார்கள். தவளைச் சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று முதலில் சண்டைக்கு வந்த பட்டறைக்காரர்கள், பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை, வண்டியை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். டோல்கேட்டில் இருந்த பெண், கட்டணப் பட்டியலில் ஏரி இல்லை என்பதால் போகச் சொல்லிவிட்டு, கையை நீட்டி ஒரு ஆம்பல் பூவைப் பறித்துக்கொண்டாள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் நிறுத்தி, சரக்கு அகலம் மீறவில்லை, உயரம் மீறவில்லை, சிவப்புக் கொடி மட்டும்தான் கட்டவில்லை என்றார். செங்கோட்டுவேல் சிவப்புக் கொடி ஒன்று கட்டினான். திருச்செங்கோட்டில் ஒருவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை அழைப்பை அந்தக் கரையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தார். லோடுகூடக் கிடைத்தது. சிமெண்டுக் குழாய்களை ஏற்றினால் தண்ணீர் அவற்றைத் தாங்கிக்கொண்டது, கட்ட வேண்டிய அவசியமில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கும்போது கழுவித் துடைத்ததுபோல இருந்தன.

எங்கே போனாலும் புண்ணியவான் என்றார்கள். இத்தனை பேருக்குத் தண்ணீர் கொடுக்க என்ன தவம் செய்தானோ என்றார்கள். வயசான ஒரு பெண்மணி நடுச்சாலையில் அவன் காலைத் தொடக் குனிந்தபோது அவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியே போனான். ஓடிப்போய் ஒரு பெட்ரோல் பங்கின் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றான். யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. யாருக்கும் திட்டத் தெரியவில்லை. சுற்றிலும் திறந்த தட்டு என்பதால் தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தான். தார்ப்பாய்க்குமேல் கொக்குகள் வந்து இறங்கின, சுற்றியிருந்த பிள்ளைகள் அதை நீக்கிவிட்டார்கள். அத்தனை பேர் குடித்த, குளித்த அந்தத் தண்ணீரை அவன் மட்டும் தொடவில்லை. பட்டறைக் குழாயில் குளித்தான், கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

அத்தாயி ஒருநாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்கு வராத புருசனைத் தேடிக்கொண்டு வந்தவளுக்குப் பட்டறைக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஏரி நிற்கிற இடத்தைக் காட்டினார்கள். அவள் விளிம்பருகே நின்று மதகுத் தூணைப் பார்த்தாள், யானையைப் பார்த்தாள், வேம்பைப் பார்த்தாள். பின்சக்கரத்தில் கால் வைத்து ஏறி, கட்டிய சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி, கழுத்தளவு வந்ததும் ஒரு முழுக்குப் போட்டாள். முழுகியவள் வெகுநேரம் கழித்து, தூரத்தில் ஆம்பல்களுக்கு நடுவே எழுந்தாள். பெண்பிள்ளையாக இருந்தபோது நீந்தியதுபோலவே, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு இந்தக் கரைக்கு நீந்தி வந்தாள். செங்கோட்டுவேல் கீழே சக்கரத்துக்கு அருகில் நின்றுகொண்டிருந்தான். அவள் முகம் அவன் தலைக்குமேல் தண்ணீரின் விளிம்பில் இருந்தது.

"ஏனுங்க" என்றாள், "உங்களையும் ஏமாத்திப்போட்டாங்கன்னு அம்மன் கோயில் வாசல்ல நின்னு எங்கண்ணங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கறேன். ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அது நெசந்தானுங்களே?"

அவள் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆமாம் என்று ஒரு சொல் வாங்கிக்கொண்டு போகத்தான் கேட்டாள். அவனுக்கு மூன்றாவது பொய் வாய்வரைக்கும் வந்தது. தண்ணீர் சொட்டுகிற அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியும் அத்தாயி" என்றான். "மொதல்லயே தெரியும்."

அவள் காதோரம் ஒரு சின்னக் கெண்டை வந்து முட்டிவிட்டுப் போனது. தன் புருசனுக்காகத் தான் பிறந்த ஊரின் முன்னால் அவள் செய்த சத்தியம் பொய்யாகிவிட்டது என்பதை அவள் உள்வாங்க அவ்வளவு நேரம் ஆனது. அவள் அழவில்லை, திட்டவில்லை. கரையேறி, தலைமயிரைப் பிழிந்து, ஈரச் சேலையோடு போய் முன்வண்டியில் அவனுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வண்டியை எடுங்க என்று மட்டும் சொன்னாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

ஆவரங்காட்டூரில் முதலில் அவர்களை வரவேற்றவை மாடுகள். மூடிய ஏரியின்மேல் கலர்க் கல் நட்டு, கொடி கட்டி, மனை பிரித்திருந்த இடத்தில் குடிக்கத் தண்ணீர் தேடி நின்றுகொண்டிருந்த மாடுகள் வாசனை பிடித்து ஓடிவந்து, தட்டின் விளிம்பில் கழுத்தை நீட்டி வரிசையாகக் குடிக்க ஆரம்பித்தன. பின்னால் மனிதர்கள் வந்தார்கள். ஏரியைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்படவில்லை. வெளியூர் போயிருந்த ஆளைப் பார்த்ததுபோல, கொஞ்சம் இளைத்திருக்கிறதே என்றார்கள், கோரை அதிகமாகிவிட்டதே என்றார்கள். பெண்கள் குடத்துக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை எப்படியோ ஏரியை மீட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, அந்தப் பேச்சு கூட்டத்தில் பரவத் தொடங்கியது. மாலை கொண்டுவர ஆள் அனுப்புவதுபோலக்கூட இருந்தது.

செங்கோட்டுவேல் வண்டியின் படியில் நின்றான். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தான், முன்னால் நின்றவர்களுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் குரல் வந்தது. அத்தாயி உள்ளே நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தூர் வார என்று சொன்னது பொய், ஏரியை மூடத்தான் மெசின் என்று தெரிந்தே கொண்டுவந்தேன், என்னைப் பொய் சொல்லச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன், அத்தாயிக்கு ஒன்றும் தெரியாது, அவளிடமும் பொய்தான் சொன்னேன் என்று முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

மாடுகள் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சென்னிமலை முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, தர்மசங்கடம்தான் இருந்தது. விருந்தாளி உடுத்தியிருக்கிற வேட்டியில் கிழிசல் இருப்பதைப் பார்த்துவிட்ட ஆள்போல எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்களுக்குத் தெரியுமுங்க மாப்ளே. மொதநாள் சாயங்காலமே ரோட்டு மேல கிராவல் மண்ணை ஏத்திக்கிட்டு டிப்பர் லாரி வரிசையா நின்னுச்சு. தூர் வாரறதுக்கு யாராச்சும் மண்ணைக் கொண்டாந்து நிறுத்துவாங்களா?"

"அப்பறம் எதுக்குங்க எனக்கு மாலை போட்டீங்க?" என்றான் செங்கோட்டுவேல்.

"பொம்பளைங்க சொன்ன ரோசனைங்க அது. மறிச்சு நின்னு சண்டை போட்டா அந்த வண்டி போயி இன்னொரு வண்டி வரும். நம்ம மாப்பிள்ளைக்கு மாலையப் போட்டு, ஒரு வாய் சோத்தைப் போட்டா, அவரே மனசு கேக்காம மெசினை எறக்காமத் திருப்பிக்கிட்டுப் போயிருவாருன்னாங்க. நானும் சரின்னேன். நீங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எல்லாரும் அதைத்தானுங்க பாத்துக்கிட்டு நின்னோம்."

பொய் சொல்கிறீர்களா என்று என்னிடம் நேராகவே கேட்டிருக்கலாமே என்றான். அதெப்படிங்க, கேட்டால் மாப்பிள்ளையைப் பொய்க்காரர் என்று ஊர் முன்னால் சொன்னதாக ஆகிவிடுமே, பொண்ணுக் கொடுத்த ஊர் அப்படிச் செய்யலாமா என்றார் சென்னிமலை. அத்தாயி சத்தியம் பண்ணினபோதும் அதனால்தான் சும்மா இருந்தோம் என்று, தங்கையின் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சேர்த்துச் சொன்னார்.

செங்கோட்டுவேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தான் ஏமாற்றியதாக நினைத்திருந்த அத்தனை பேரும் தனக்காக ஏமாந்ததுபோலக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, பொய் சொன்ன வெட்கமெல்லாம் இந்த வெட்கத்துக்குமுன் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. யாரோ ஒரு பெண் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பு கையில் இருந்தது. குடிக்காமல் இருந்தால் அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பதால் குடித்தான். அப்படித்தான் அந்த ஏரியின் தண்ணீர் முதல்முறையாக அவன் வாய்க்குள் போனது.

அதற்குப்பிறகு நடந்தவற்றைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய இடத்தில் ஏரியை இறக்க வழியில்லை. அங்கே கம்பி வேலி, காவல்காரன், வழக்கு என்று ஆகியிருந்தது. ஊருக்கு மேற்கே அத்தாயிக்கு அவள் அப்பா கொடுத்த பூமி ஒன்று ஆவாரஞ்செடி மண்டிச் சும்மா கிடந்தது. அவள்தான் அதைக் கையால் காட்டினாள். வண்டியை அங்கே பின்னோக்கி விட்டு, காற்றுக் குழாயைப் பிடுங்கி, கொக்கியை விடுவித்து, செங்கோட்டுவேல் முன்வண்டியைத் தனியாக முன்னே நகர்த்தினான். ட்ரெய்லர் இல்லாத முன்வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அது சீக்கிரமே வேறொருவர் பேருக்கு மாறியது. அவர் அவனையே டிரைவராக வரச் சொன்னார். சொந்த வண்டிக்காரன் மறுபடி அடுத்தவர் வண்டிச் சீட்டில் உட்கார்ந்தான். லோடு வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவனிடம் இல்லை, ஆனால் எதை ஏற்றுகிறார்கள், எதற்கு ஏற்றுகிறார்கள் என்று கேட்கிற பழக்கம் மட்டும் அவனிடம் ஒட்டிக்கொண்டது. அதனால் அடிக்கடி முதலாளிகள் மாறினார்கள்.

அத்தாயி ஆவரங்காட்டூரிலேயே இருந்துகொண்டாள். கோபித்துக்கொண்டு போனதாக இல்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றாள். அவன் வந்தால் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், பேசவேண்டியதைப் பேசினாள். அவனுக்காக யார் முன்னாலும் எதையும் அடித்துச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில் டயர்கள் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கின. முதலில் சக்கரம், பிறகு பட்டை, பிறகு சட்டம். தண்ணீர் ஆவாரங்காட்டுக்குள் கையகலம் கையகலமாகப் பரவியது. ஊரார் மூன்று பக்கமும் கரை போட்டார்கள். மதகுத் தூண்கள் தாமாகவே நிற்கவேண்டிய இடம் பார்த்து நின்றுகொண்டன. பிறகு ஒருநாள் சிவப்பு விளக்கும் முழுகி, ட்ரெய்லர் என்று ஒன்று அங்கே இருந்ததே தெரியாமல் போனது. மீன் குத்தகைக்கு விட்டார்கள். அளக்க வந்த சர்வேயர்கள் அதை வரைபடத்தில் போட்டுக்கொண்டார்கள். கிழக்கே மனை வாங்கியவர்களும் குடிதண்ணீருக்கு இங்கேதான் வந்தார்கள். வந்தவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. என்ன பெயர் வைப்பது என்று யாரும் கூடிப் பேசவில்லை. மாப்பிள்ளை ஏரி என்று பேச்சுவாக்கில் வந்தது, அதுவே நிலைத்தது. பஸ் நின்று போக ஆரம்பித்ததும் நிறுத்தத்துக்கும் அதுவே பெயராயிற்று.

லோடு இல்லாத நாட்களில் செங்கோட்டுவேல் அந்த பஸ்ஸில்தான் அத்தாயியைப் பார்க்கப் போவான். வெள்ளம்பாறைப் பிரிவு தாண்டியதும் மாப்பிள்ளை ஏரியெல்லாம் எந்திரிச்சு முன்னால வா என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். அந்தக் குரல் வருவதற்குமுன், அதாவது வெள்ளம்பாறைப் பிரிவிலேயே, அவன் இறங்கிவிடுவான். அங்கிருந்து மேட்டுப் பாதையில் நல்ல தூரம் நடக்க வேண்டும், வெயில் நேரத்தில் நிழல் கிடையாது.

புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர் இதைக் கொஞ்சநாள் கவனித்துக்கொண்டே வந்தார். ஒருநாள் படிக்கட்டில் நின்று அவனை நிறுத்தி, நீங்க ஏரிக்குத்தானுங்களே போறீங்க, டிக்கெட்டும் அதுக்குத்தான் எடுக்கறீங்க, அப்பறம் எதுக்கு இங்கயே எறங்கி வெயில்ல நடக்கறீங்க என்று கேட்டார். செங்கோட்டுவேல் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டான். சரி, அதை விடுங்க, யாருங்க அந்த மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியுமா என்றார். பெரிய மனுசராக இருந்திருப்பார், ஏரி வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்றார்.

"ஒரு லாரிக்காரனுங்க" என்றான் செங்கோட்டுவேல். "பொண்ணுக் கட்டின ஊரோட ஏரிய மூடறதுக்கு மெசின் ஏத்திக்கிட்டு வந்தவன். கேட்டவங்ககிட்டப் பொய்யச் சொல்லிப்போட்டு, அவங்க போட்ட சோத்தையும் தின்னுட்டுப் போனவன்."

கண்டக்டரின் முகம் சுருங்கியது. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தா வயசானவராட்ட இருக்கறீங்க" என்றார் கண்டக்டர். "இத்தனை சனம் குடிக்கற தண்ணிக்குப் பேரா இருக்கற மனுசன் அவரு. நாலு பேர் முன்னால அவரைப் பத்தி இப்பிடிப் பேசாதீங்க. எறங்குங்க."

விசில் ஊதி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருசக்கணக்காக யாராவது திட்டமாட்டார்களா என்று இருந்தவன், திட்டியதைக் காதில் வைத்துக்கொண்டு, புழுதி அடங்குகிறவரை அங்கேயே நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறி நடந்தான்.